விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சூழலியல் ஆலோசனைத் தொழில்

ஒரு நிலத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, அங்கே சாலையோ ஆலையோ துறைமுகமோ வந்தால் அவை என்னவாகும், கெட்டுப்போன நிலத்தை மீட்க வழி உண்டா என்று ஆராய்ந்து, கட்டணம் பெற்று அறிக்கை தருபவரே சூழலியல் ஆலோசகர். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போல இது பழைய தொழில் அன்று. தமிழ்நாட்டில் இதற்கு அரை நூற்றாண்டு வயது கூட முழுதாக ஆகவில்லை. ஆயினும் அதன் இரண்டு வேர்களையும் விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், திண்டிவனம், வானூர், மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். ஒரு வேர் செம்மண் மேட்டில் மரம் நட்டவர்களிடமிருந்து வந்தது. மற்றொன்று தில்லியில் எழுதப்பட்ட சட்டத்திலிருந்து வந்தது.

நிலத்தின் இயல்பு

சங்க காலத்தில் இப்பகுதி ஓய்மாநாடு எனப்பட்டது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனின் கிடங்கில் நோக்கிச் செல்லும் பாணர்களின் வழியைச் சொல்கிறது. கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. வழியில் வரும் எயிற்பட்டினத்தை அறிஞர்கள் மரக்காணம் என்று கொள்வர். எயிற்பட்டினம் நெய்தல், வேலூர் முல்லை, ஆமூர் மருதம் என ஓரிரு நாள் நடைக்குள் மூன்று திணைகள் வந்துவிடுகின்றன. திண்டிவனம் என்ற பெயரையே புளியங்காடு என்று பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதன் திரிபாகச் சொல்வதுண்டு.

இந்தக் கலப்பு இன்றும் உண்டு. கடலோரத்தில் மணல்மேடும் உப்பளமும், உள்ளே கழுவேலி உவர்நீர் ஏரியும், அதற்கு மேற்கே ஏரிப்பாசன வயல்களும், தெற்கே செம்மண் மேடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆங்காங்கே கோயில்காடுகள் எஞ்சியுள்ளன. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றிய காடு அவற்றுள் பலரும் அறிந்தது. காயா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, செருந்தி முதலிய மரங்கள் கொண்ட இக்காட்டு வகையை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். எச்.ஜி. சாம்பியனும் எஸ்.கே. சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இது தனி வகையாக இடம்பெற்றது. மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனால் மரங்கள் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். தாவரவியலாளர்களை இது நெடுங்காலம் ஈர்த்த புதிர்.

அறிவை முதலில் சேர்த்தவர்கள்

ஆலோசகர் என்ற சொல் வருமுன்பே தரவு சேரத் தொடங்கிவிட்டது. 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1960களில் அங்கே பியர் லெக்ரி முதலியோர் இந்தியத் தாவரப் பரவல் வரைபடங்களை உருவாக்கினர். வி.எம். மெஹர்-ஹோம்ஜி சோழமண்டலக் கரையின் காலநிலைக்கும் இக்காடுகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தில் கே.எம். மேத்யூ பாதிரியார் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்தார். பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் என். பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் கோயில்காடுகளில் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்தனர். இன்று இம்மாவட்டத்திற்கு ஓர் அறிக்கை எழுதுபவர் இவர்களுடைய பட்டியல்களைத் திறக்காமல் எழுத முடியாது.

இன்னொரு கூட்டத்தாரின் அறிவு அச்சில் ஏறவே இல்லை. செடியின் பெயர், பூக்கும் மாதம், விதை எடுக்கும் பக்குவம், எந்தப் புதரில் எது முட்டையிடும் என்பதெல்லாம் இருளர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் கோயில் பூசாரிகளுக்கும் தெரியும். ஆய்வாளர் எவரும் களத்தில் இறங்கியதும் முதலில் தேடுவது அவர்களைத்தான். அறிக்கையின் முகப்பில் அவர்கள் பெயரைக் காண்பது அரிது.

செம்மண் மேடு

1968 பிப்ரவரி 28 அன்று வானூர் வட்டத்தின் மேட்டு நிலத்தில் ஆரோவில் தொடங்கியபோது, அங்கே காடு என்று சொல்ல எதுவும் இல்லை. மரவெட்டும் மேய்ச்சலும் விறகுத் தேவையும் நிலத்தை மொட்டையாக்கியிருந்தன. ஒவ்வொரு மழையிலும் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடியது. வந்து குடியேறியவர்களில் தாவரவியல் படித்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் சுற்றுக் கிராமத்து ஆட்களோடு சேர்ந்து முதலில் செய்தது வரப்பு போடுவதும் ஓடைப் பள்ளங்களை அடைப்பதும்தான். மழைநீர் நின்றபின் மரம் நட்டனர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா வகைகள் வறட்சியைத் தாங்கி விரைவாக வளர்ந்தன. அவற்றின் நிழலில்தான் காயாவும் வீரையும் பிறகு ஊன்றப்பட்டன. அயல் மரத்தைச் செவிலித்தாயாக வைத்து நாட்டு மரத்தை வளர்க்கும் இம்முறை குறித்து இன்றும் வாதம் உண்டு. ஆனால் நிழல் இல்லாத கொதிக்கும் மண்ணில் வீரைக் கன்று பிழைப்பது கடினம் என்பதையும் மறக்கலாகாது.

ஆஸ்திரேலியரான ஜாஸ் புரூக்ஸ் 1973இல் தொடங்கிய பிச்சாண்டிகுளம் காடு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 1990களில் அது மருத்துவத் தாவரப் பாதுகாப்பிலும் நாற்றங்காலிலும் ஈடுபட்டது. மரக்காணத்தை அடுத்த நடுக்குப்பத்தில் பள்ளி மாணவர்களுடன் சூழல் கல்விப் பணி செய்தது. படிப்படியாக 'எங்கள் நிலத்தையும் இப்படி மாற்றித் தர முடியுமா' என்று வெளியிலிருந்து கேட்கத் தொடங்கினர். சென்னை அடையாறு முகத்துவாரத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் நிறைந்து கிடந்த 58 ஏக்கரை மீட்கும் திட்டத்தில் பிச்சாண்டிகுளம் குழு ஆலோசகராக அமைந்தது. இடிபாடுகளை அகற்றி, நீர் வந்து போக வழி திறந்து, கரையோரம் நாட்டு மரங்களை நட்டனர். 2011 ஜனவரியில் முதலமைச்சர் மு. கருணாநிதி அதைத் திறந்து வைத்தபோது தொல்காப்பியப் பூங்கா என்று பெயர் பெற்றது. நிலத்தைத் திணையாகப் பகுத்த நூலின் ஆசிரியர் பெயர் ஒரு மீட்பு நிலத்திற்கு அமைந்தது பொருத்தமே.

2000இல் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் பூங்காவும் இதே பாதையில் வந்தது. இவ்வகை ஆலோசகருக்குப் பட்டத்தைவிட நாற்றங்கால்தான் சான்றிதழ். தான் சொன்னது முளைத்ததா இல்லையா என்பதை ஐந்து ஆண்டு கழித்து யாரும் போய்ப் பார்க்கலாம்.

சட்டம் உருவாக்கிய ஆலோசகர்

இரண்டாம் வேரின் கதை வேறு. அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே சூழல் தாக்க அறிக்கை வேண்டும் என்றது. அறிக்கை எழுத ஆள் தேவைப்பட்டது. பிரிட்டனில் 1991இல் இத்தொழிலருக்கென ஒரு நிறுவனமே அமைந்தது.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1994 ஜனவரியில் வந்த அறிவிக்கை சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 2006 செப்டம்பர் 14இல் புதிய அறிவிக்கை அதன் இடத்தைப் பிடித்தது. ஆலோசகர்களுக்குத் தகுதி வரையறை இல்லாத காலம் நெடுநாள் நீடித்தது. ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்திற்கு எழுதிய அறிக்கையில், ரஷ்யக் குளிர்நாட்டு மரக்காடுகளைப் பற்றிய வரிகள் அப்படியே இடம்பெற்றிருந்தது வெளியாகி நாடெங்கும் நகைப்புக்கு இடமானது. பிறகு இந்தியத் தரக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றவரே அறிக்கை தயாரிக்கலாம் என்ற விதி வந்தது. காற்று, நீர், ஒலி, மண் என்று துறைதோறும் வல்லுநர் வேண்டும். சூழலியலும் பல்லுயிர்ப் பெருக்கமும் அவற்றுள் ஒரு துறை. தாவரவியல், விலங்கியல், வனவியல், சூழல் அறிவியல் படித்தவர்கள் அதில் சேர்கின்றனர்.

அவர் வேலை என்ன? திட்ட இடத்தைச் சுற்றிப் பொதுவாகப் பத்து கிலோமீட்டர் வட்டம் வரைவார்கள். அது ஏறக்குறைய 314 சதுர கிலோமீட்டர். மரங்களுக்குச் சதுரக் கட்டங்கள் அமைத்து எண்ணுதல், பறவைகளுக்கு விடியலில் நேர்கோட்டில் நடந்து குறித்தல், கால்தடமும் எச்சமும் பார்த்தல், ஊராரை விசாரித்தல், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் எவையெல்லாம் வருகின்றன என்று பிரித்தல் ஆகியவை முறை. அதற்குக் கிடைப்பதோ பெரும்பாலும் சில நாட்கள்.

கழுவேலி காட்டும் சிக்கல்

ஊரார் கழுவெளி என்றும் சொல்லும் கழுவேலி, புலிக்காட்டு ஏரிக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் பெரிய உவர்நீர் நிலை. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இதில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியே கடலோடு கலக்கிறது. மழைக்குப் பிறகு பூநாரையும் கூழைக்கடாவும் வலசை வாத்துகளும் இங்கே நிறையும். மே மாதம் வந்து பார்த்தால் பெரும்பகுதி வெடித்த சேற்றுத் தரை. மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

2006 அறிவிக்கையின் கீழ் வகுத்த நடைமுறைப்படி, பருவமழை அல்லாத ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும். நிலக்கரி எரியும் ஆலையின் காற்று மாசை அளக்க இது பொருந்தும், ஏனெனில் மழை தூசியை அமுக்கிவிடும். கழுவேலிக்கு இது பொருந்தாது. மார்ச் முதல் மே வரை தேர்ந்தெடுத்த ஓர் ஆலோசகர் ஒரு பொய்யும் எழுதாமலே பறவைகள் குறைவு என்று எழுதிவிடலாம். ஆலோசகரை அமர்த்துவதும் ஊதியம் தருவதும் திட்டத்தைக் கொண்டுவருபவரே. எந்தப் பருவம் என்ற கேள்வி அப்போது வெறும் நுட்பக் கேள்வியாக இருப்பதில்லை. இவ்வேரியின் முகத்துவாரத்தை ஒட்டித் திட்டமிட்ட மீன்பிடித் துறைமுகங்கள் தொடர்பான வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. துறைமுகம் கேட்ட மீனவர்களின் தேவையும் மெய்யானதே. ஆலோசகரின் தாள் அங்கே இருவர் வாழ்வுக்கும் நடுவில் நிற்கிறது.

இதற்கு மாறாக, அரசோ ஆய்வு அமைப்போ கேட்டுச் செய்யும் நீண்டகாலக் கணக்கெடுப்பு வேறு விளைவைத் தரும். சென்னையில் 2000இல் தொடங்கிய கேர் எர்த் அறக்கட்டளை பள்ளிக்கரணையில் அவ்வாறே பல பருவங்களின் தரவு சேர்த்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சர் விருது கிடைத்தது. கழுவேலியிலும் பறவை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் ஆண்டுதோறும் எண்ணிக் குறித்துவந்தனர். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு சுமார் 5,151 எக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இனி மரக்காணம் பக்கம் பத்து கிலோமீட்டர் வட்டம் வரையும் எந்த ஆலோசகரும், கோடையில் வந்தாலும், ஏரியின் பெயரை அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே எழுதியாக வேண்டும்.