பொதுத் தொகுதி, தனித் தொகுதி, சேரி

நெய்வேலியில் குடியிருக்கும் எனக்கு நாடாளுமன்ற ஓட்டு கடலூரில். சேத்தியாத்தோப்பு ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் சிதம்பரம் தொகுதி வந்துவிடும். கடலூர் பொதுத் தொகுதி, சிதம்பரம் தனித் தொகுதி. அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம். இந்த வித்தியாசத்தை எங்க அம்மா ஒரே வரியில் சொல்லும்: "அங்க நம்மாளு நிக்கலாம். இங்க நம்மாளு ஓட்டு மட்டும் போடலாம்."

இது எப்போதும் இப்படியே இருக்கவில்லை. 1952 முதல் தேர்தலில் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கீட்டு இடம். அந்த ஒதுக்கீட்டு இடத்தில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்துப் போனவர் காட்டுமன்னார்கோயில் பகுதிக்காரரான எல். இளையபெருமாள். 1957இல் சிதம்பரம் இரட்டைத் தொகுதியில் அவரும் ஆர். கனகசபைப் பிள்ளையும் ஜெயித்தார்கள். 1962இல் இளையபெருமாள் திருக்கோவிலூர் போய்விட்டார். தீண்டாமை குறித்து ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவரானார். அந்தக் குழுவின் 1969 அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையே ஒழிய வேண்டும் என்றது. எம்.பி. பதவியை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதற்கு அந்த அறிக்கை சாட்சி.

இரட்டைத் தொகுதி ஏன் போனது? ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் 1957இல் நடந்ததை நம் இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி அங்கே தோற்றார். இரண்டு பழங்குடி வேட்பாளர்கள் அதிக ஓட்டு வாங்கி, ஒதுக்கீட்டு இடத்தோடு பொது இடத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். கிரி வழக்குப் போட்டார். 1959இல் உச்ச நீதிமன்றம், அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். நிர்வாகக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. ஆனால் 'பொது' என்ற இடத்தில் ஒரு பழங்குடி உட்கார்ந்த பிறகு அந்த முறை அதிக நாள் நீடிக்கவில்லை என்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

1967 முதல் சிதம்பரம் தனித் தொகுதி. தி.மு.க.வின் வி. மாயவன் இரண்டு முறை, 1977இல் அ.தி.மு.க.வின் அ. முருகேசன், 1980இல் தி.மு.க.வின் குழந்தைவேலு, 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரசின் வள்ளல்பெருமான், 1996இல் தி.மு.க.வின் கணேசன், 1998இல் பா.ம.க.வின் தலித் எழில்மலை, 1999, 2004இல் அதே கட்சியின் ஈ. பொன்னுசாமி. எல்லோரும் நம்மவர்கள்தான். எழில்மலையும் பொன்னுசாமியும் மத்திய இணை அமைச்சர்களாகவும் இருந்தார்கள். அப்புறம் என்ன குறை என்று கேட்கிறவர்கள் உண்டு.

குறை 1932இல் இருக்கிறது. தலித்துகளின் பிரதிநிதியைத் தலித்துகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் அம்பேத்கர். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி போய், கூட்டுத் தொகுதி வந்தது. முதல்கட்டமாக நாம் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைப் பொறுக்கலாம் என்றிருந்த சலுகைக்கும் பத்து வருஷம்தான் ஆயுள். அதன்பின் நிற்பவர் தலித்தாக இருக்கலாம். அவரை நிறுத்துவது கட்சி, ஜெயிக்க வைப்பது ஊர். ஊருக்குப் பிடிக்காததை அவர் பேச முடியுமா?

பேசுகிற ஒருவர் 1999இல் வந்தார். அதுவரை தேர்தலைப் புறக்கணித்த விடுதலைச் சிறுத்தைகள், மூப்பனாரின் த.மா.கா. கூட்டணியில் முதல்முறையாகக் களமிறங்கினார்கள். தொல். திருமாவளவன் அரசு வேலையை விட்டுவிட்டு சைக்கிள் சின்னத்தில் நின்றார். தோற்றார். ஆனால் இரண்டேகால் லட்சம் ஓட்டு. அந்த ஓட்டுக்குச் சேரிகள் கொடுத்த விலை பெரிது. குடிசைகள் எரிந்தன. பல ஊர்களில் தலித்துகளை வாக்குச்சாவடிக்கே விடவில்லை. என் தாய்மாமன் அன்று விரலில் மை இல்லாமல் திரும்பி வந்தார். "பூத்துக்குப் போற வழியிலயே மறிச்சிட்டானுவ" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டு ரகசியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குடிவைக்கப்பட்ட சனத்துக்கு எந்த ஓட்டு ரகசியம்?

2004இல் மீண்டும் நின்று, இரண்டரை லட்சத்துக்கு மேல் வாங்கியும் தோற்றார். 2009இல் தி.மு.க. கூட்டணியில் 99,083 ஓட்டில் ஜெயித்தார். 2014இல் அதே கூட்டணியில் அ.தி.மு.க.வின் சந்திரகாசியிடம் 1,28,495 ஓட்டில் தோற்றார். 2019இல் பானைச் சின்னத்தில் நின்றபோது ராத்திரி வரை இழுத்து, 3,219 ஓட்டில் ஜெயித்தார். அந்தத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று, இதே தொகுதியின் பொன்பரப்பியில் நடுத்தெருவில் பானையை உடைத்ததில் தொடங்கிய தகராறு, சேரி வீடுகளை அடித்து நொறுக்குவதில் முடிந்தது. இருபது வருஷத்தில் சின்னம் மாறியிருந்தது. அடி விழுந்த இடம் மாறவில்லை. 2024இல் வித்தியாசம் 1,03,554. கட்சிக்கு மாநில அங்கீகாரமும் பானைச் சின்னமும் கிடைத்தன.

இது சின்ன வெற்றியில்லை. ஆனால் இந்த வெற்றியும் தனித் தொகுதிக்குள்தான். சிதம்பரத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் காட்டுமன்னார்கோயில் மட்டுமே தனி. கடலூரின் ஆறில் திட்டக்குடி மட்டும். மற்ற பத்திலும் சேரி இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. வேட்பாளர் பட்டியல் வரும்போது மட்டும் சேரியைக் காணோம். 2021இல் திருப்போரூர் பொதுத் தொகுதியில் சிறுத்தைகளின் எஸ்.எஸ். பாலாஜி ஜெயித்தார். முடியாத காரியமில்லை என்று அது காட்டியது. சீட்டுப் பங்கீட்டு மேசையில் நாம் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி எத்தனை இடம் என்பது மட்டுமல்ல, அதில் எத்தனை பொது என்பதுதான்.

2024இல் ஓட்டுப் போட்ட மறுநாள் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். விரலை நீட்டிக் காட்டினார். மை இருந்தது. "இந்த வாட்டி யாரும் மறிக்கல" என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "உங்க பக்கம் நம்மாளு யாருடா நின்னது?"

என்னிடம் பதில் இல்லை.