குண்டென்று கிடந்த வாணங்கள்

காதர்பேட்டை அமைந்துள்ள கொங்குநாடு 1799 வரை மைசூர் சுல்தான்களின் ஆட்சியில் இருந்த பகுதி. அதனால் இச்செய்தி நமக்கு அயலாருடையதன்று.

2002இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம், நகரா என்னும் ஊரின் பழங்கிணறு ஒன்றில் துருவேறிய இரும்புக் குழல்கள் கிடைத்தன. பீரங்கிக் குண்டுகள் என்றெண்ணி அவற்றை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டனர். அவை திப்பு சுல்தானின் வாணங்கள், அதாவது ராக்கெட்டுகள் என்பது சில ஆண்டுகள் கழிந்தே தெளிவாயிற்று.

மயக்கத்திற்குக் காரணம் உண்டு. குண்டைப் பீரங்கி எறிகிறது. வாணமோ தன்னுள் எரியும் மருந்தின் விசையால் தானே பாய்கிறது. அதற்கு நிலைதந்து நேராகச் செலுத்துவது உடன் கட்டிய நீண்ட மூங்கில். மூங்கில் மக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் குழல்தானே! அந்நிலையில் இடத்தின் வரலாறே சாட்சி. நகரா என்பது 1763இல் ஹைதர் அலீ வென்று ஹைதர் நகர் எனப் பெயரிட்ட பித்னூர். திப்புவின் படைவிதி நூலாகிய ஃபத்ஹுல் முஜாஹிதீன், ஒவ்வொரு படைப்பிரிவிலும் வாணம் ஏவுவோர் 200 பேரை வகுக்கிறது. எனவே இங்கு ஆயுதக் கிடங்கு இருந்ததில் வியப்பில்லை.

2018இல் அதே ஊரில், வற்றிய கிணறொன்றின் மண்ணில் வெடிமருந்து நெடி வீசுவதை உணர்ந்த தொல்லியல் துறையினர் மூன்று நாட்கள் தோண்டினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணங்கள் குவியலாக வெளிவந்தன. இம்முறை எவரும் அவற்றைக் குண்டென்று எழுதி வைக்கவில்லை.