கவ்வாத்தும் மறுபிறப்பும்

மறுபிறப்பு உண்டு என்பதில் சைவமும் பௌத்தமும் ஒன்றுபடுகின்றன. பிறப்பது எது என்பதில் பிரிகின்றன. உயிர் என்றும் உள்ளது, வினைக்கேற்ப உடலெடுக்கிறது என்பது சைவ சித்தாந்தம். நிலையான ஆன்மா இல்லை, சுடரிலிருந்து சுடர் பற்றுவதுபோல் வினைத்தொடரே செல்கிறது என்பது பௌத்தம். தொடர்வது எது என்ற இக்கேள்வி இலங்கையின் கண்டியில் ஏட்டோடு நின்றுவிடவில்லை.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் உபசம்பதை என்னும் உயர்துறவு பெற்ற பிக்குகள் இலங்கையில் இல்லை. பெற்றவர்களே பிறருக்கு அதை அளிக்கலாம் என்பது விநய விதி. ஆகவே அறுந்த தொடரை உள்ளூரில் முடிச்சிட வழியில்லை. வெலிவிட்ட சரணங்கரர் என்னும் துறவியின் முயற்சியால், தென்னிந்திய நாயக்கர் மரபில் வந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இன்றைய தாய்லாந்தான சியாமுக்குத் தூதனுப்பினான். 1753இல் உபாலி தேரரின் குழு கண்டியில் உபசம்பதை அளித்தது. சியாமோ பல நூற்றாண்டுகளுக்கு முன் இலங்கையின் துறவு மரபை ஏற்ற நாடு. 1767இல் பர்மியப் படையிடம் சியாமின் தலைநகர் அயுத்தியா வீழ்ந்தது. ஆயினும் அங்கிருந்து வந்த மரபு கண்டியின் மல்வத்தை, அஸ்கிரிய மடங்களில் சியாம் நிகாயம் என்னும் துறவுப் பிரிவாக இன்றும் வாழ்கிறது.

வெட்டியபின் மீண்டும் தழைப்பதைக் காணக் கண்டியின் மலைச்சரிவுக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் மலைநாடு தேயிலையால் பிழைத்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். இலையெல்லாம் போய் மொட்டைக் கிளைகள் நிற்கும். புதுத் தளிருக்கு ஆதாரம் வேரில் சேர்ந்த மாச்சத்துதான். அதனால் வெட்டுமுன் வேரை நறுக்கி அயோடின் இட்டுப் பார்ப்பதுண்டு. கருநீலம் படர்ந்தால் கத்தி வைக்கலாம். வெளிறியிருந்தால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடியை ஆறவிட வேண்டும்.

அந்தக் கத்தியைப் பிடித்தவர்களின் கதையும் இங்கே சேரும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உரிமை படிப்படியாக மீண்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோருக்கும் கிடைத்தது. எனினும் தோட்டத்து வரிசை வீடுகளான லயன் அறைகளில் வாழும் பலருக்கு வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதிப்பத்திரம் இன்னும் இல்லை.

ஆன்மாவா, வினைத்தொடரா என்ற வாதம் தொடரட்டும். துறவு மரபு மீண்டது, அதைக் காத்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்ததால். செடி தழைப்பது வேரின் சேமிப்பால். மலையக மறுமலர்ச்சி என்று விழா எடுப்போர் முதலில் கேட்க வேண்டியது, அம்மக்கள் வேரூன்றச் சொந்த நிலம்.