வஜா

மேலப்பாளையம் வழியாக ஓடுகிற பாளையங்கால், பழவூர் அணையில் தாமிரபரணியை விட்டுப் பிரிந்து வரும் வாய்க்கால். ஊர் தறிக்குப் பேர்போனது. ஆனாலும் வாய்க்காலை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வயல்தான்.

இந்த வயல்கள் கெட்டுப் போனபோதெல்லாம் சர்க்கார் என்ன செய்தது? பழைய பதில் ஒரே சொல்: வஜா. கொடுப்பதல்ல, வாங்க வேண்டியதை விட்டுவிடுவது. மன்றோ துரை 1820-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தபின் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. நன்செய்ப் பயிர் பொய்த்தால் கணக்குப்பிள்ளை 'சாவி' என்று எழுதுவார். மேலதிகாரி வந்து பார்த்து, ஜமாபந்தியில் தீர்வையைத் தள்ளுவார். புன்செய்க்காரனுக்குச் சாதாரணமாக அதுவும் கிடையாது. நல்ல வருஷத்தையும் கெட்ட வருஷத்தையும் சேர்த்துப் பார்த்துத்தானே தீர்வையைக் குறைத்து வைத்திருக்கிறோம் என்பது சர்க்காரின் வாதம். நியாயமான வாதந்தான், கெட்ட வருஷங்கள் அடுத்தடுத்து வராத வரையில்.

வந்தன. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. 1884-இல் விவசாயிகள் கடன் சட்டம் வந்தது. விதைக்கும் மாட்டுக்கும் தக்காவி கிடைத்தது. கடன்தான், தானமல்ல.

கையில் பணமாகக் கொடுப்பது நம் காலத்து வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிசானப் பயிரின் மேலும் வாழையின் மேலும் தாமிரபரணி ஏறிப் போயிற்று. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்த நிவாரணத்தைத் தமிழக அரசு 17,000 ஆக்கியிருந்தது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. செத்த மாட்டுக்கு 37,500. பயிரில் 33 சதவிகிதமாவது அழிந்திருக்க வேண்டும். 2015-க்கு முன் அது 50. மத்திய விதியில் இன்னொன்று: வயலில் படிந்த மணலை அகற்ற உதவி வேண்டுமானால், மணல் மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். வெள்ளம் அடிக்கோல் வைத்துக்கொண்டா மணலைக் கொட்டுகிறது!

பாளையங்கால் கரை டீக்கடையில் ஒருவரைப் பார்த்தேன். முக்கால் ஏக்கர் குத்தகை, வாய்ப்பேச்சு ஒப்பந்தம்.

"பணம் வந்ததா?" என்றேன்.

"வந்துது அண்ணாச்சி. பட்டா யார் பேர்ல இருக்கோ அவுகளுக்கு வந்துது. வெள்ளம்தான் எனக்கு வந்துது."

"அவரிடம் கேட்கவில்லையா?"

"கேட்டு, அடுத்த பூவுக்கு நிலம் இல்லைன்னுட்டா?"

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் செய்தாயிற்று. பதிந்து கொள்ளும் துணிவைச் சட்டம் தருமா? யோசித்துப் பார்த்தால் வஜாவும் இவரைப் போன்றவர்களைத் தொட்டதில்லை. தள்ளிய தீர்வை பட்டாதாருடையது. குத்தகை நெல்லைக் குறைப்பது அவருடைய தயவு. கணக்குப்பிள்ளைப் பதவி 1980-இல் போயிற்று. அவர் எழுதிய அடங்கல் போகவில்லை. பசலி என்ற வருஷக் கணக்கும் போகவில்லை. அந்த வெள்ளம் வந்தது பசலி 1433-இல்.

எழுந்தபோது அவர், "மணல் எத்தனை அங்குலம்னு அளந்தாக அண்ணாச்சி. எடுத்து எங்க போடணும்னு யாரும் சொல்லலை" என்றார். டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அதற்குள் அவரே கொடுத்துவிட்டார்.