பேட்மேனின் இன்னொரு தகப்பன்

1939. அமெரிக்காவில் சூப்பர்மேன் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம். அதேபோல் இன்னொரு நாயகனைப் பதிப்பாளர்கள் தேடினார்கள். நியூயார்க் ஓவியர் பாப் கேன் ஒரு படத்தை வரைந்து நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். சிவப்பில் இறுக்கமான உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இரண்டு இறக்கைகள்.

காலணி விற்றுப் பிழைத்துக்கொண்டே கதை எழுதிவந்தவர் ஃபிங்கர். அகராதியிலிருந்த வௌவால் படத்தைப் புரட்டிக் காட்டி, அவர் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். முகமூடி காது நீண்ட தலைக்கவசமானது. இறக்கை போய், விளிம்பு வெட்டிய நீள அங்கி வந்தது. சிவப்பு சாம்பலானது. கண்களில் கருமணி மறைந்து வெறும் வெள்ளை நின்றது. இன்று குழந்தைகூட அடையாளம் சொல்லும் பேட்மேன் அப்படித்தான் உருவானான்.

அந்த ஆண்டின் மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழில் வெளியான முதல் கதையும் ஃபிங்கர் எழுதியதே. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ், அமெரிக்கத் தளபதி ஆண்டனி வெய்ன் இருவரையும் சேர்த்து 'புரூஸ் வெய்ன்' என்று நாயகனுக்குப் பெயரிட்டார். 'காத்தம்' என்ற நகரப் பெயரைத் தொலைபேசிப் புத்தகத்தில் பிடித்தார். 1940-இல் ஜோக்கரின் முதல் கதையையும் எழுதினார்.

ஆனால், பதிப்பு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டவர் கேன் மட்டுமே. ஆகவே, உருவாக்கியவர் என்று அச்சானதும் அவர் பெயர் மட்டுமே. ஃபிங்கர் பக்கக் கூலிக்கு எழுதினார். 1965-இல் ரசிகர் ஜெர்ரி பெயில்ஸ் உண்மையை எழுதியபோது, கேன் கடிதம் போட்டு மறுத்தார். 1974 ஜனவரியில், 59 வயதில், ஃபிங்கர் காலமானார். கேன் தன் சுயசரிதையில் நண்பரின் பங்கை மனம்திறந்து ஒப்புக்கொண்டது 1989-இல்!

பிறகு எழுத்தாளர் மார்க் டைலர் நோபிள்மேன் ஃபிங்கரின் பேத்தியைத் தேடிக் கண்டுபிடித்தார். குடும்பம் உரிமை கேட்டது. 2015-இல் பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் இணங்கியது. மறுவருடம் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தில் கேன் பெயரோடு ஃபிங்கர் பெயரும் திரையில் ஓடியது. பேட்மேன் பிறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கூலி பாக்கியை வாரிசிடம் தீர்த்துவிடலாம். பெயரை மட்டும், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த வாரம்: வெறும் 130 டாலருக்குச் சூப்பர்மேனை விற்ற இரு இளைஞர்கள்!