திருப்பூரில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு: பலனைக் கணக்கிடுதல்

பனியன் ஏற்றுமதி பெருகிய 1980, 90களில் திருப்பூர்க் கம்பெனிகளில் சிறுவர்களுக்கென்றே சில வேலைகள் இருந்தன. டெய்லர் அருகில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்கும் 'கைமடி' அவற்றில் ஒன்று. பிசிர் வெட்டுதல் இன்னொன்று.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் வந்தன. மீட்கப்பட்டவர்கள் சிறப்புப் பயிற்சி மையங்களில் படித்துப் பிறகு வழக்கமான பள்ளிக்கு மாறினார்கள். மாத உதவித்தொகை 2017இல் 150 ரூபாயிலிருந்து 400 ஆனது. ஒரு பிள்ளையின் வாரக்கூலிக்கே அது ஈடாகாது. வீட்டு வருமானத்தை நேராகத் தொட்டது சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்புதான்: அபாயத் தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தைக்குப் பதில் அவ்வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும்.

எத்தனை சோதனை, எத்தனை மீட்பு, எத்தனை வழக்கு என்பவை துறையின் வேலைக்கணக்கு. குழந்தை பத்தாம் வகுப்பைத் தாண்டியதா, போன கூலியை வீடு எப்படிச் சரிக்கட்டியது என்பவை வேறு கணக்கு. நாட்டின் மொத்த எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2001இல் 1.26 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் 2011இல் 43.5 லட்சமாகக் குறைந்ததாக அரசு சொல்வதுண்டு. முதல் எண்ணில் ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கும் குறைவாக உழைத்தவர்களும் அடக்கம், இரண்டாவதில் இல்லை. அவர்களையும் சேர்த்தால் 2011இன் எண் சுமார் 1.01 கோடி.

வங்கதேசம் தரும் பாடம் கடுமையானது. சிறுவர் தைத்த ஆடைகளைத் தடுக்கும் மசோதா 1992இல் அமெரிக்காவில் வந்ததும், ஆலைகள் அவர்களை வெளியேற்றின. ஆலைக்கணக்கு சுத்தமாயிற்று, பிள்ளைகள் பலர் கல் உடைக்கப் போனதை யுனிசெஃப் பின்னர் பதிவு செய்தது.

கணக்கு சுத்தமாகி, உழைப்பு வேறிடத்துக்கு நகரும் அந்த ஓட்டை திருப்பூரிலும் உண்டு. வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கை கம்பெனி வாசலோடு நிற்கிறது. வெளியே செய்யத் தரும் ஜாப் ஒர்க் மூட்டை, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குள் போய்விடும். பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். அம்மாவோடு உட்கார்ந்து பிசிர் வெட்டும் சிறுமி எந்தச் சோதனைப் பதிவேட்டிலும் வரமாட்டாள்.