எந்த ஸ்டேஷனுக்கு அவுட்?

“சார் அவுட் ஆஃப் ஸ்டேஷன்” என்ற பதிலை அலுவலக வாசலில் கேட்காதவர் அபூர்வம். இங்கிலாந்துக்காரர் இப்படிப் பேசுவதில்லை, ஆகவே இது பிழை என்று ஆங்கிலம் கற்பிப்பவர்கள் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார்கள். அவசரத் தீர்ப்பு அது. நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்து, ரோமானியப் படைவீரர் காவல் நின்ற இடத்துக்கும் பெயரான சொல் ஸ்டேஷன். வெள்ளையர் ஆண்ட இந்தியாவில் அதற்குத் தனிப்பொருள் ஏற்பட்டது. 1886இல் வெளிவந்த யூல், பர்னல் இருவரின் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, மாவட்டத்து ஆங்கில அதிகாரிகளும் படை அதிகாரிகளும் குடியிருக்கும் இடமே ஸ்டேஷன் என்கிறது. அங்கே கூடி வாழ்ந்த அவர்களுடைய வட்டத்துக்கும் அதே பெயர்தான். பக்கத்துத் தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்த நெசவாளி அந்தக் கணக்கில் சேரமாட்டார். ஸ்டேஷன் என்றால் ஊர் அல்ல, உத்தியோகம் ஒருவரை நிறுத்திவைத்த இடம்.

ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்குள்ள வனச்சரக அலுவலர் சென்னைக்குப் போனால், அவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று எழுதுவது முற்றிலும் சரி. அரசு ஊழியர் பணியிடத்தை விட்டு வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும்; தமிழ்க் கோப்புகளில் அந்த இடத்துக்குத் ‘தலைமையிடம்’ என்று பெயர். பீஞ்சமந்தையிலிருந்து வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு மலையிறங்கி வந்தவரோ ஊரில் இல்லை, அவ்வளவுதான். யாரும் அவரை அங்கே பணியில் அமர்த்தவில்லை. அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை.

சொற்கள் பொருள் விரிவது இயல்புதானே, எல்லாருக்கும் பொதுவாக்கினால் என்ன என்று கேட்கலாம். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். மலேசியத் தமிழர் ‘அவுட்ஸ்டேஷன் போயிருக்கார்’ என்று சுருக்கியே பேசுகிறார்கள். எழுத்தில்தான் சிக்கல். படிப்பவர் காவல் நிலையத்தையோ ரயில் நிலையத்தையோ நினைத்துக்கொண்டால் அது அவர் குற்றமாகாது. மேலும், உத்தியோகம் இல்லாதவர் தலையில் இச்சொல்லைக் கட்டினால், அலுவலருக்கு மட்டுமே உரிய அந்தக் கட்டுப்பாடு வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறது. ஒற்றைச் சொல்லாக்கி ‘ஐ ஆம் அவுட்ஸ்டேஷன்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அது ‘நான் வெளியூர்’ என்பதுபோல் ஆளையே இடமாக்கிவிடுகிறது. வங்கிகள் ‘அவுட்ஸ்டேஷன் செக்’ என்றபோது அச்சொல் காசோலைக்கு அடையாக நின்றது, பொருளும் தெளிவாக இருந்தது. நாமும் ‘வெளியூர் காசோலை’ என்று தடையின்றிச் சொன்னோம். விடுப்புக் கடிதம் எழுதுகிறவர், தாம் பணியாற்றும் ஊரின் பெயரையும் சேர்த்துவிட்டால் யாருக்கும் ஐயம் வராது.